மூன்றரை மணிச் சூடு

லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் வீடு வாங்கியபோது அதோடு ஒரு சனியனும் சேர்ந்து வந்தது. முன்கதவைத் திறந்ததும் வரும் ஒடுங்கிய நடையில், சுவரில் பூட்டியிருந்த, வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத்தான் சொல்கிறேன். மஞ்சள் பிடித்த பிளாஸ்டிக், நடுவில் திருகுவதற்கு ஒரு சக்கரம். கதவில் கடிதம் போடுகிற வாயால் வரும் காற்று நேரே அதன் முகத்தில் அடிக்கும். அறைக்குள் நாங்கள் வேர்த்துக்கொண்டிருந்தாலும் அதற்குக் குளிர்தான். வீட்டைச் சூடாக்கும் பொயிலரை விடாமல் ஓட்டும். நாங்கள் என்றால் நானும் என் மனைவி மெற்றில்டாவும். பிள்ளைகள் இல்லை.

என் பெயர் அருட்பிரகாசம். ஊர் மன்னார் விடத்தல்தீவு. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், மின்சாரப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தவன். இங்கே கடைகளுக்கு அலாரமும் கமராவும் பூட்டுகிறேன். ஈஸ்ட் ஹாமில் நகைக்கடை வைத்திருப்பவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள் என்றால் அதில் என் பங்கும் உண்டு. அப்படிப்பட்ட நான் போயும் போயும் ஒரு தெர்மோஸ்டாட்டைக் கடையில் வாங்கினால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? தன் கையே தனக்குதவி என்று நானே செய்யத் தொடங்கினேன். 2009ஆம் ஆண்டு புரட்டாதி கடைசி.

உண்மையைச் சொன்னால் காரணம் அது மட்டும் இல்லை. வைகாசியில் வன்னியில் போர் முடிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கை சும்மா இருந்தால் புத்தி வன்னிக்குப் போய்விடும்.

எனக்கு ஒரே தம்பி, றெஜினோல்ட். ரெஜி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒன்பது வயது இளையவன். சண்டை மறுபடி தொடங்கிய 2006ஆம் வருடம் அவன் தொலைபேசியில் என்னைக் கேட்டான், அண்ணை, நான் லண்டனுக்கு வெளிக்கிடட்டோ என்று. கொஞ்சம் பொறு, வீடு ஒன்றை வாங்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். வீடு வாங்கி முடிய, ஊரில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஊரே இடம்பெயர்ந்து காடு காடாக நகர்ந்து கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனது. அவனும் போனான். 2009 மாசியில் லண்டன் முழுக்கப் பனி மூடி ஒரு பஸ்ஸும் ஓடாத அந்தத் திங்கட்கிழமை, யாருடையதோ போனில் அரை நிமிடம் பேசினான். பிறகு எடுக்கிறேன் அண்ணை என்றான். பிறகு எடுக்கவில்லை.

முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்கள் வந்தபோது ஒன்று விடாமல் பார்த்தேன். செஞ்சிலுவைக்கு எழுதினேன். ஊர்க்காரர் யார் யாரையோ எல்லாம் பிடித்துக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் பெயர் இல்லாததால் ஆள் இல்லையென்று ஆகிவிடுமா? ஆனி மாதம் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கையில் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர், பாவம், நல்ல எண்ணத்தில்தான், தம்பிக்கு ஒரு ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று கேட்டார். நான் எழுபது வயது மனிதர் என்றும் பார்க்கவில்லை.

"செத்தவன் எண்டு சொல்லுறவன்தான் மாஸ்டர் அவனைக் கொல்லுறவன்," என்றேன்.

வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மெற்றில்டா பக்கத்தில் நின்றாள். அன்றோடு எங்கள் கோயில் பங்கில் யாரும் என்னிடம் அந்தக் கதை எடுப்பதில்லை. மெற்றில்டாவும் எடுப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

எங்கள் முன்னறையில் இரண்டு சுவர்கள் உண்டு. மற்ற இரண்டையும் யன்னலும் கதவும் தின்றுவிட்டன. ஒன்று பீடச் சுவர். திரு இருதயப் படம், மடு மாதா, அந்தோனியார் சுரூபம், அதன் கீழே என் அப்பா, அம்மா, மெற்றில்டாவின் அம்மா மூவரின் படங்கள். அங்கே படமாகப் போனால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு எதிர்ச் சுவர் உயிரோடிருப்பவர்களுடையது. எங்கள் கலியாணப் படம், கனடாவில் இருக்கும் மெற்றில்டாவின் தங்கை பிறேமினியின் குடும்பம், அதற்குப் பக்கத்தில் ரெஜி. மடுத் திருவிழாவில் எடுத்த படம், சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டாமல் நிற்கிறான். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவோம். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர். சாவி தொலைந்தாலும் அவர்தான், தம்பி தொலைந்தாலும் அவர்தான்.

தெர்மோஸ்டாட் என்பது பெரிய வித்தை இல்லை. பொயிலருக்குப் போகிற இரண்டு வயர். குளிர்ந்தால் சேர்த்துவிட வேண்டும், சூடானால் பிரித்துவிட வேண்டும். அவ்வளவுதான். எனக்கு வேண்டியவை சூட்டை அளக்க மூன்று கால் உள்ள கடுகளவு சென்சர், கணக்குப் பார்க்க ஒரு சின்ன நீலச் சர்க்கிட் பலகை, வயரைச் சேர்த்துப் பிரிக்க ஒரு ரிலே. சென்சரை நொறுக்கிய ஐஸுக்குள் வைத்தேன், பூச்சியம் காட்டியது. கமக்கட்டுக்குள் வைத்தேன், முப்பத்தாறரை. குசினி மேசையில் ஈயம் உருக்கி ஒட்டினேன். இது வெடித்தால் மாதா கோயிலில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பூசையாகக் கேட்கலாம் என்று மெற்றில்டா புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அவள் பகிடி விட்டு மாதக்கணக்காகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்தேன். டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன், நம்பாமல் இன்னொருதரமும் தொட்டுப் பார்த்தேன். அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு அதே இடத்தில் பழைய அலாரப் பெட்டி ஒன்றுக்குள் என் சாமான்களை அடக்கிப் பூட்டினேன். ஆனால் சென்சரை நடையில் விடவில்லை. அதற்கென்று ஒரு நீள வயரைச் சுவரின் அடிப்பலகையோடு ஒட்டி முன்னறைக்குள் கொண்டுபோனேன். சென்சர் வைக்கச் சட்டம் இருக்கிறது. உட்சுவராக இருக்கவேண்டும், நெஞ்சளவு உயரம், யன்னலும் ரேடியேட்டரும் கிட்ட இருக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் முழு வீட்டிலும் ஒரே இடம்தான் வந்தது. ரெஜியின் படத்துக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி. கீழே தொலைபேசி வைக்கும் கட்டை அலுமாரி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன சூடு கண்டது என்பதைப் படிக்குக் கீழே இருந்த பழைய கொம்பியூட்டரில் எழுதிவைக்கவும் ஏற்பாடு செய்தேன். மெற்றில்டா இல்ஃபோர்டில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை. மூன்று மணிக்கு வீடு வந்துவிடுவாள். அவள் வரும்போது வீடு சூடாக இருக்கட்டும் என்று இரண்டரைக்கு பொயிலர் பிடிக்கும்படி வைத்தேன். பத்தொன்பது பாகை. ஐப்பசி முழுக்க அது சொன்ன சொல் தவறவில்லை. நான் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெட்டியைக் காட்டினேன்.

கார்த்திகை, அதாவது நவம்பர், பிறந்தது. எங்களுக்கு அது ஆத்துமாக்களின் மாதம். கோயிலில் ஒரு கடித உறை தருவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பீடத்தில் வைத்து மாதம் முழுக்கப் பூசையில் நினைப்பார்கள். மெற்றில்டா மூன்று பெயரை எழுதிவிட்டு, பேனையை மூடாமல், வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். மூன்று பேர்தான் என்றேன். அவள் உறையை ஒட்டித் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அந்தக் கிழமையில்தான் தொடங்கியது. ஐந்து மணிக்கு நான் வீடு வந்தால் வீடு வெதுவெதுப்பாகக்கூட இல்லை. ரேடியேட்டர் அப்போதுதான் சுடத் தொடங்கியிருக்கும். மெற்றில்டா கோட்டைப் போட்டபடியே குசினியில் வெங்காயம் வெட்டுவாள். குளிரவில்லையா என்று கேட்டால் தனக்குக் குளிரவில்லை என்பாள். ஆடி மாதத்திலேயே காலுறை போடுகிறவள் அவள். நான் அதை யோசிக்கவில்லை. என் பெட்டி பிழைவிடுகிறதே என்ற ரோசம்தான் எனக்கு.

சனிக்கிழமை கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தேன். இரண்டரைக்கு பொயிலர் பிடிக்கிறது. அறை பதின்மூன்று, பதினான்கு, பதினாறு என்று மெல்ல ஏறுகிறது. மூன்றரை தாண்டியதும் ஒரே பாய்ச்சல். பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தாறு. பிறகென்ன, வீடு நன்றாகச் சூடாகிவிட்டது என்று நம்பி என் பெட்டி பொயிலரை நிறுத்திவிடுகிறது. நாலரை வரைக்கும் இருபத்தாறிலேயே நிற்கிறது. பிறகு இறங்குகிறது. வெளியில் ஏழு பாகைக் குளிர், வீட்டில் பொயிலர் இல்லை, ஆனால் அந்தச் சுவரில் இருபத்தாறு. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் இதேதான். முதல் நாள் கார்த்திகை இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள்.

ஆடமாட்டாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் சென்சரைக் குறை சொன்னேன், புதியது போட்டேன். ஒட்டிய இடங்களை எல்லாம் திரும்ப ஒட்டினேன். சுவருக்குள் சுடுதண்ணீர்க் குழாய் ஏதும் போகிறதா என்று தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். மெற்றில்டா வாசலில் நின்று பார்த்துவிட்டு மேலே போனாள். அடுத்த கிழமையும் அதே கதை. பீடச் சுவரில் இரண்டாவது சென்சர் ஒன்று வைத்தேன். அது பதினைந்தில் சாதுவாக இருந்தது. ஆகவே அறையில் சூடு இல்லை. ஒரே ஓர் இடத்தில்தான், ரெஜியின் படத்தடியில், நாளுக்கு ஒரு மணித்தியாலம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்கும் தெரியும். பேய்க்கு உடம்புச் சூடு இருக்குமா என்று என்னையே பகிடி பண்ணிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. மோட்சம் போகக் காத்து உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குக் கார்த்திகையில் வீட்டுக்கு வந்துபோக உத்தரவு உண்டென்று எங்கள் அம்மா சொல்லுவா. அந்த அறையைத் திரும்பிப் பார்க்காமல் கடப்பேன். பயம் என்று மட்டும் சொல்லமுடியாது. அவன் அங்கே வருகிறான் என்றால் செத்துவிட்டான். வரவில்லை என்றால் உயிரோடிருக்கிறான். எனக்கோ அவன் வரவும் வேண்டும், உயிரோடிருக்கவும் வேண்டும். வேலைத்தளத்தில் ஏணியில் நிற்கும்போதும் மூன்றரை ஆனால் வேலையை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெற்றில்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்போ அவன் இல்லையா என்று அவள் கேட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

ஒரு புதன்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றேன். மெற்றில்டா வந்து என்னைக் கண்டதும், இன்றைக்கு வேலை இல்லையா, வெளியில் ஏதும் அலுவல் இல்லையா என்று இரண்டுதரம் கேட்டாள். மூன்றரைக்குச் சுவரடியில் போய் நின்றேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெறும் சுவர். நாலு மணி, நாலரை, பத்தொன்பதிலிருந்து பெட்டி அசையவில்லை. வீடு சூடாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனேன். மூன்று முப்பத்தைந்துக்கு இருபத்தாறு.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நான் நின்றால் வரமாட்டான். சின்னவயதிலும் இப்படித்தான். என்னோடு சண்டை பிடித்தால் நான் வீட்டில் இருக்கும் வரைக்கும் படலைக்குள் கால் வைக்கமாட்டான். நான் கடற்கரைக்கு இறங்கிய பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இப்போதும் என்மேல் கோபத்தில் இருக்கிறான். பொறு என்று சொன்னவன் மேல் கோபம் இல்லாமல் இருக்குமா?

வெள்ளிக்கிழமை காலை, மெற்றில்டா வெளிக்கிட்ட பிறகு, குசினியிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து அந்த அலுமாரிக்கு முன்னால், முதுகு அதில் முட்ட வைத்தேன். வந்தால் இருக்கட்டும். நாற்பத்தொன்பது வயதுக்காரன், மின்சாரம் படித்தவன், இதைச் செய்தேன். மாலையில் வந்து பார்த்தேன். கதிரை இரண்டடி பின்னால் தள்ளியிருந்தது. முன்பு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போது படத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் மெற்றில்டாவிடம் ஒன்றும் கேட்காமல் கதிரையை எடுத்துப்போய் அதன் இடத்தில் வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஈஸ்ட் ஹாமில் வேலையை அரைகுறையில் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே நின்றால் வரமாட்டான், சரி, வெளியிலிருந்து பார்ப்போம். என் வேலை வான் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். மூன்றே முக்கால் இருக்கும். கார்த்திகைச் சூரியன் அதற்குள் கூரைகளுக்குக் கீழே போய்விட்டது. தெருவில் மற்ற வீடுகளில் விளக்குப் போட்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் போடவில்லை. என் வீட்டு வேலியோரம் நான் களவெடுக்க வந்தவன் மாதிரி நின்றேன். நாயோடு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

யன்னலின் மெல்லிய திரைக்கு அப்பால், ரெஜியின் சுவரில் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஆடியது. அதற்கு முன்னால் ஓர் உருவம். தலையும் தோளும் மட்டும் தெரிந்தது. என் தம்பி என்றுதான் நான் நினைத்தேன், இதை மறைக்க எனக்கு ஆசையில்லை. வாய்விட்டு ரெஜி என்றேன். பிறகு அந்தத் தலை குனிந்து, முக்காட்டை ஒரு கை சரிசெய்தது. மெற்றில்டா. கோட்டுப் போட்டிருந்தாள். தொலைபேசிக்குப் பக்கத்தில், என் சென்சருக்கு நேர் கீழே, ஒரு கண்ணாடிக் கிளாசுக்குள் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் அந்தோனியார் இருட்டில் நின்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

முதலில் எனக்கு வந்தது ஏமாற்றம். அவன் இல்லையே என்ற ஏமாற்றம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. கதவைத் திறந்துகொண்டு போனேன். அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கும், ஆனாலும் திரும்பவில்லை. செத்த வீட்டில் சொல்லுகிற மன்றாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதியாக இருக்கும் அது. நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று ஒருவர் தொடங்கினால் கூடியிருப்பவர்கள் எல்லோரும், முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக என்ற மற்றப் பாதியைச் சொல்லவேண்டும். எங்கள் அம்மாவுக்கு முழு ஊரும் நின்று சொன்னது. மெற்றில்டா முதற்பாதியைச் சொன்னாள், கொஞ்சம் நிறுத்தினாள், பிறகு குரலைத் தணித்து மற்றதையும் தானே சொன்னாள்.

"நூர் அதை," என்றேன், மெழுகுதிரியை அணைக்கச் சொல்லி.

இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளை நீர் என்றுதான் பேசியிருக்கிறேன், நூரும் என்னாமல் நூர் என்றது அன்றுதான். அவள் திரும்பினாள்.

"நூர்க்கமாட்டன்."

நான் கையை நீட்டினேன். அவள் கிளாசைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணாடி சுட்டிருக்கவேண்டும், கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று சொன்னாள். ஆவணியில் ஒருநாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரம், இதே அலுமாரியில் இருக்கும் தொலைபேசிக்கு முகாமிலிருந்து அழைப்பு வந்ததாம். பேசியது மரியமலர். எங்கள் ஊர்ப் பிள்ளை, மெற்றில்டாவோடு மறைக்கல்வி படிப்பித்தவள். கடற்கரையில் அவளுடைய குடும்பமும் ரெஜியும் ஒரே பதுங்குகுழிதான். சித்திரையில், பெரிய வெள்ளி கழிந்த அடுத்த கிழமை, கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் ஷெல் விழுந்தது. மரியமலர் தன் சேலை ஒன்றால் அவனைச் சுற்றினாள். அவளும் இன்னும் இரண்டு பேரும் கையால் மணலைத் தோண்டி, தடி இரண்டைக் குறுக்கே கட்டி நட்டார்கள். யாரிடமோ இரந்து வாங்கிய போனில் இதைச் சொல்லத்தான் எடுத்தாளாம்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை. விரல் விட்டு எண்ணிக் கத்தினேன்.

"கோயில் வாசலில மாஸ்டருக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றாள். "நான் சொன்னா நான்தான் அவனைக் கொல்லுறவள். உங்களோட நான் இன்னும் சீவிக்கோணும்."

அவள் விடவில்லை. மாதக்கணக்காக வைத்திருந்தது அது.

"பொறுத்துத்தான் இருந்தன். ஆத்துமாக்கள் திருநாளுக்கும் அவன்ர பேரை எழுத விடேல்லை நீங்கள். உயிரோட வச்சிருக்கிறன் எண்டு சொல்லி ஒரு செபமும் இல்லாமல் அவனைக் கிடக்க விட்டிட்டியள். ஊரில எல்லாச் சனத்துக்கும் ஆரோ மன்றாடுகினம். அவனுக்கு ஆர் இருக்கினம்?"

பொறு என்று ஒருதரம் சொல்லி அவனை அங்கே நிறுத்தினேன். செத்த பிறகும் அவனைப் பொறுக்க வைத்திருக்கிறேன். மற்ற வீடுகளில் யாருக்காவது இது விளங்குமோ தெரியாது. எங்களுக்கு, இறந்தவனுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அவனுக்காகக் கேட்பது. நான் தம்பிமேல் வைத்த பாசம் என்று நினைத்தது, அவனுக்குக் கிடைக்கவேண்டிய அந்த ஒன்றையும் அடித்துப் பறித்திருக்கிறது. இவளோ குளிரில் கோட்டைப் போட்டுக்கொண்டு, நான் வருமுன்னே நூர்த்துக் கழுவி வைத்துவிட்டு, தனக்குக் குளிரவில்லை என்று வெங்காயம் வெட்டியிருக்கிறாள். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன்.

கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவனாமோ?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அண்ணையை நினைத்தான், அண்ணையில் பிழையில்லை என்றான் என்று எதையாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், சாகும் வரைக்கும் அதைச் சொல்லித் திரிந்திருப்பேன்.

"ஒண்டும் இல்லை," என்றாள். "சொல்ல நேரம் இருக்கேல்லையாம்."

மூன்று வருடமாக இரண்டில் ஒன்றுக்கு நான் என்னைத் தயார்படுத்தியிருந்தேன். ஒன்றில் திட்டியிருப்பான், ஒன்றில் மன்னித்திருப்பான். இரண்டும் இல்லை. கஞ்சிக்கு நின்றான், விழுந்தான், அவ்வளவுதான். நான் அழுதேன். வைகாசியில், போர் முடிந்த செய்தி வந்த அன்று, வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில் எங்கள் சனம் எல்லோரும் உருண்டு அழுதபோதும் அழாமல் கல்லாக நின்றவன், அடிப்பலகையோடு போகும் என் வயரைப் பார்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். மெற்றில்டா என்னைத் தொடவில்லை. அழுது முடியட்டும் என்று நின்றாள்.

வெளியில் நன்றாக இருண்டுவிட்டது. அவள் விளக்கைப் போடவில்லை. கிளாசிலிருந்து கையை எடுத்தாள், உள்ளங்கை சிவந்திருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். நான் அலுமாரியைப் பிடித்து எழும்பி அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நித்திய இளைப்பாற்றியை றெஜினோல்டுக்கு அளித்தருளும் ஆண்டவரே," என்றாள்.

சொல்லிவிட்டு நிறுத்தினாள். மற்றப் பாதியை அவள் சொல்லவில்லை. நான் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே முதற்பாதியைத் திரும்பவும் சொன்னாள். திரும்பவும் நிறுத்தினாள். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாள் போலிருந்தது.

"முடிவில்லாத ஒளி," என்று நான் தொடங்கினேன். அங்கே வந்து என் நாக்கு நின்றுவிட்டது, ஏனென்றால் அடுத்த சொல் அவனுடைய பெயர். மெற்றில்டா அசையவில்லை. நான் மூச்சை இழுத்துவிட்டு, முதலிலிருந்து, ஒன்றும் விடாமல், அவன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.